முயல் கறியும் வைதீகப் புரட்டும்

சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக் கொல்லையில் நாலு முயல் வளர்த்துக் கறிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நாம் சொன்னால், உடனே "அது வீட்டுக்கு ஆகாது" என்கிறார்கள். ஏன் ஆகாது என்றால் பதில் இல்லை. இப்படிச் சொல்லுகிற அதே தோழர், சந்தையிலே முயல் இரத்தத்தில் காய்ச்சியதாகச் சொல்லப்படும் எண்ணெயை, மயிர் வளரும் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கி வழுக்கையில் தேய்த்துக்கொள்ளுகிறார்! கறி ஆகாது, இரத்தம் மட்டும் ஆகுமாம்.

சாஸ்திரம்தான் தடுக்கிறதோ என்று பார்த்தால், மனுதர்மம் ஐந்தாம் அத்தியாயத்தில், ஐந்து நகமுள்ள பிராணிகளில் முயலைத் தின்னலாம் என்றே எழுதி வைத்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்திலோ, முயல், ஆமை மாமிசத்தால் பிதுர்க்கள் 11 மாதம் திருப்தியடைவார்களாம். செத்தவனுக்கு முயல் விருந்து. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற உயிருள்ள பிள்ளைக்கு ஆகாதா என்று கேட்கின்றோம். வேறு மதமும் இதில் யோக்கியமானதல்ல. பைபிளின் லேவியராகமம், முயல் அசைபோடும், ஆனால் குளம்பு விரிந்ததல்ல, ஆகவே தீட்டு என்கிறது. முயல் அசைபோடுவதே இல்லை. தன் குடலில் உண்டாகும் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்கிறது, அவ்வளவுதான். நிலாவிலே முயல் இருப்பதாகச் சொன்னதன் கதியும் 1969இல் மனிதன் அங்கு இறங்கியபோது தெரிந்துவிட்டது.

உண்மை என்னவென்றால், முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்; ஆட்டுக்கோ ஐந்து மாதம். முயல் ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி போடும். தாய் நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். இதறியாதவர் தாய் குட்டியை ஒதுக்கிவிட்டதாகப் பதறுவார்கள். அகத்தி, வேலிமசால், முருங்கைத் தழை போதும். ஆனால் நமது கரிசல் வெயில் அதற்கு எமன். கோடையில் ஆண் முயலின் விந்து கெட்டுச் சினை பிடிக்காது. அதைச் சாபம் என்று கோடாங்கியிடம் ஓட வேண்டியதில்லை. வேம்பு நிழலில் கூரை போட்டு, ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு தாய் குட்டிகளை மிதித்துவிடும். ஆகவே கூண்டைத் தெருவோரம் வைக்கக் கூடாது.

காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நாம் சொல்வது வளர்ப்பு முயலைத்தான்.

மற்றொன்று: "குட்டி தருகிறோம், நாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளுகிறோம்" என்று முன்பணம் கேட்பவனையும் கடவுளைப் போலவே சந்தேகிக்க வேண்டும். 2012இல் ஈரோடு ஜில்லாவில் ஈமுக் கோழியை நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாடு மறந்துபோயிற்றா? முதலில் தின்பதற்கு வளருங்கள், மிஞ்சினால் விற்கலாம்.

தீபாவளி முடிந்து ஆலை அடைத்துக்கிடக்கிற நாட்களில் அடுப்பில் ஏற்றக் கறி இருக்கட்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலே மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையத்தில் இறைச்சி முயல் வளர்க்கிறார்கள். விரும்புவோர் அங்கே விசாரிக்கட்டும், அல்லது உள்ளூர்க் கால்நடை வைத்தியரைக் கேட்கட்டும். ஜோசியரைக் கேட்க வேண்டாம்.