உலர்த்தும் உழைப்புக்கும் கூலி வேண்டும்

மட்டாஞ்சேரியிலும் அதை அடுத்த ஃபோர்ட் கொச்சியிலும் பழைய வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதிகளாக நடத்திவருவோர், வெளிநாட்டுப் பிரயாணிகளின் சௌகரியத்தை உத்தேசித்து, வாத்தின் இறகும் தூவியும் அடைத்த தலையணைகளை வாங்கி வைப்பதுண்டு. பேணினால் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய அந்தத் தலையணைகள், இரண்டொரு மழைக்காலம் கழிந்ததும் முடைநாற்றம் பற்றி, உள்ளே கட்டி கட்டியாகத் திரண்டு, குப்பைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. குற்றம் பொருளினுடையதன்று, அதை வெளுக்க ஏற்பாடு செய்கிற நாம், உலர்த்துவதை ஒரு வேலையாகவே மதிக்காமல் விட்டதன் பலன் அது.

இறகுப் படுக்கை தமிழர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் விரித்திருந்தது அன்னத்தின் தூவியால் ஆன அணை; பஞ்சசயனம் என்று முன்னோர் எண்ணிய ஐந்து வகைப் படுக்கைகளில் இலவம்பஞ்சோடு அன்னத்தூவிக்கும் இடம் இருந்தது. ஆயினும் அரண்மனைகளுக்குரிய அந்தப் பொருளைப் பராமரிக்கும் பழக்கம் நம் இல்லங்களில் வளரவில்லை.

இறகு, நம் தலைமயிரையும் நகத்தையும் போலவே, கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மேலிறகுக்கு நடுவே தண்டு உண்டு; மார்பிலும் அடிவயிற்றிலும் அதன் கீழே அடர்ந்திருக்கும் தூவிக்கோ தண்டு இல்லை. ஒரு சிறு முளையிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் அதன் மெல்லிழைகள் இடையிடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் தலையணைக்கு அந்த மென்மை கிட்டுகிறது. இழைகளின் மேலுள்ள இயற்கையான நெய்ப்பசை அடியோடு நீங்கினால் அவை வறண்டு ஒடியும். ஆகையால் சலவைச் சோடாவும் வெளுப்புத் தூளும் இறகுக்கு ஜன்ம விரோதிகள்.

வெளுக்குமுன் மேலுறையைக் கழற்றி, இறகை அடக்கி வைத்திருக்கும் நெருக்கமான நெசவுத் துணியையும் அதன் தையலையும் விரல் வைத்துச் சோதிக்க வேண்டும். தண்டின் முனை ஒன்று துணியைக் குத்திக்கொண்டு வெளியே தலைநீட்டினால், அதைப் பிடித்து இழுக்காமல், மறுபுறமிருந்து துணியோடு சேர்த்துப் பற்றி உள்ளே வாங்கிக்கொள்வதே முறை. வெளியே இழுத்தால் துளை பெரிதாகி, அதன் வழியே மற்றவையும் புறப்பட்டுவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் மிருதுவான சோப்பைச் சிறிதளவே கரைத்து, முதலில் மிதக்கவே பார்க்கும் தலையணையை உள்ளங்கைகளால் அமுக்கி அமுக்கி நீரை உள்ளே செலுத்த வேண்டும். கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் கூடவே கூடாது. இரண்டு மூன்று தரம் நல்ல நீரில் அலசாவிட்டால், தங்கிப்போன சோப்பே இறகுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

இவ்வளவும் சொற்ப நேரத்து வேலை. பெரும்பாடு இதற்குப் பின்புதான் தொடங்குகிறது. நனைந்த தலையணையைக் கொடியில் தொங்கவிட்டால் இறகெல்லாம் ஒரு மூலைக்கு இறங்கிவிடுமாதலால், காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்கவைத்தே உலர்த்த வேண்டும். மணிக்கொரு தரம் எடுத்து உதறி, திரண்ட கட்டிகளைத் துணியின் மேலிருந்தே விரல்களால் பிரித்துவிட்டுப் புரட்டிப் போட வேண்டும். மேல்துணி காய்ந்ததைக் கண்டு எல்லாம் காய்ந்ததென்று உறையை மாட்டிவிடுவோரே அநேகர். நடுவில் நின்றுபோன ஈரம் சில நாட்களில் பூசணமாகவும் நாற்றமாகவும் வெளிப்படுகிறது. தூக்கும்போது பழைய இலேசு திரும்பியிருந்து, அமுக்கிய கையை எடுத்ததும் தலையணை மெல்ல மேலெழும்பி வந்தால்தான் அது உலர்ந்ததாகக் கொள்ளலாம்.

ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில், எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. அந்த நாட்களில் இறகுத் தலையணையை நனைப்பது அதைக் கெடுப்பதற்குச் சமானம். டிசம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட மாதங்களே இதற்கு உகந்தவை. அந்த வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளும் திறமையும் நமக்கு வெகு சமீபத்திலேயே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்தை அடுத்த தோபிகானாவில், 1976இல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டித் தந்த சலவைத் துறைகளில், தமிழ் வண்ணார் சமூகத்தார் இன்றும் கையால் வெளுத்துவருகிறார்கள்; டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொல்வது வழக்கம். இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகி, கவ்வி ஒன்றும் இல்லாமலேயே காற்றில் நிற்கவைக்கும் அவர்களுடைய கைநேர்த்தியைக் கண்டவர்கள், உலர்த்துவதும் ஒரு வித்தை என்பதை மறுக்கமாட்டார்கள். எனினும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணுகிற வழக்கத்தில், அரை நாளில் காயும் போர்வையும், மூன்று நாள் ஒருவர் அருகிருந்து புரட்டிப் பிரித்துவிட வேண்டிய தலையணையும் ஒரே உருப்படியாகிவிடுகின்றன. இது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். வெளுப்பதற்கு ஒரு கூலியும், உலர்த்தும் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கூலியும் தருவதே முறை.

செயற்கை நார் அடைத்த தலையணை மலிவாகக் கிடைக்கிறது, கெட்டால் எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்று வாதிப்பவர்கள், எறிந்தது எங்கே போகிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து, இந்த நகரம் நாள் கணக்கில் புகையில் திணறியதை யாரும் மறந்திருக்க நியாயமில்லை. இறகு வேண்டாம் என்போர்க்குப் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் இலவம்பஞ்சு இருக்கிறது. அதை நீரில் நனைக்கலாகாது, வெயிலில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கொரு முறை பிரித்து அடித்து மீண்டும் அடைத்தாலே போதும்.

விடுதிக்காரர்கள் தங்களுக்குள் கலந்து பேசி, ஒவ்வொரு ஜனவரியிலும் முறை வைத்துத் தலையணைகளைத் தோபிகானாவுக்கு அனுப்பலாம். பலர் சேர்ந்து மிதமான சூட்டில் சுழலும் உலர்த்தும் இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வாங்கி, அதை இயக்கும் பொறுப்பையும் வருமானத்தையும் அந்தத் தொழிலாளர்களிடமே ஒப்படைத்தால் இன்னும் உத்தமம். மழை மாதங்களில் உறைகளை மட்டும் வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் வெளுத்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும் தூசி உண்ணிகள் அவற்றில் நிலைக்கமாட்டா. தலையணையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் அடைக்காமல், தினமும் சிறிது நேரம் மின்விசிறியின் கீழே வைத்துத் தட்டிப் புரட்டிவிட வேண்டும்.