சாந்திக்கு மறுக்கப்பட்ட துணை

2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த தலித் பெண். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தனர். அந்தரங்கமான மருத்துவ முடிவும் ஊடகங்களில் வெளியானது.

பாலின வளர்ச்சியில் மாறுபாடுகள் இயற்கையானவை. சான்றாக, ஆண்ட்ரோஜன் ஹார்மோனை உணரும் ஏற்பியின் மரபணு மாறியிருந்தால், எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள் கொண்ட உடலும் பெண்ணுடலாகவே வளரக்கூடும். இது நோயாளியின் குற்றமுமன்று, வீராங்கனையின் மோசடியுமன்று.

2014இல் விலக்கப்பட்ட டூட்டி சந்த், ஏழை நெசவாளர் குடும்பத்தவர். அவருக்கு அரசு துணைநின்றது. 2015இல் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. சாந்திக்கோ அத்துணை கிட்டவில்லை. செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. தலித் பெண்ணின் மானம் நிர்வாகத்துக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஊடுபால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாத நிலையில் பால்மாற்று அறுவை செய்வதற்கு 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைத் தீர்ப்பையடுத்துத் தமிழக அரசு தடை விதித்தது. அவ்வாணையைக் குரும்பலூர் போன்ற ஊர்களின் பெற்றோரும் செவிலியரும் அறியச் செய்வதே நம் கோரிக்கை. அறியாத உரிமை எவரையும் காக்காது.