கொல்கத்தா ராப் பாடகரும் கணக்கில் வராத விவசாயிகளும்

2019ஆம் ஆண்டு எம்டிவி தொலைக்காட்சி ‘ஹஸல்’ என்ற ராப் இசைப் போட்டியைத் தொடங்கியது. பணத்தையும் புகழையும் பாடியே பழகிப்போன அந்த இசையில், கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு தமிழ் இளைஞர் விவசாயிகளின் தற்கொலையைப் பாடினார். சந்தானம் சீனிவாச ஐயர் என்பது அவர் பெயர்; ஈ.பி.ஆர். என்றே ரசிகர்கள் அறிவார்கள். அதற்கு முன்பே ‘அண்டர்கிரவுண்ட் அத்தாரிட்டி’ என்ற கொல்கத்தா ராக் குழுவின் பாடகராக அறியப்பட்டவர். அந்தப் பாட்டுக்கு அவர் சூட்டிய பெயர் ‘ஏக்லா சலோ ரே’. வங்கப் பிரிவினையை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்த 1905ஆம் ஆண்டில் தாகூர் எழுதிய பாடலின் பெயர் அது.

பாட்டு நாடெங்கும் பரவியது. நாளேட்டின் உள்பக்கச் செய்தியைக்கூடப் புரட்டாத இளைஞர்கள், விவசாயி ஏன் சாகிறார் என்ற கேள்வியைக் கைபேசியில் கேட்டார்கள். இதைச் சிறிய விஷயமாகத் தள்ளிவிட முடியாது.

அதே 2019ஆம் ஆண்டுக்கான தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கையின்படி, வேளாண் துறையில் தற்கொலை செய்துகொண்டோர் 10,281 பேர். அவர்களில் விவசாயிகள் 5,957 பேர், விவசாயத் தொழிலாளர்கள் 4,324 பேர். பாடகரின் சொந்த மாநிலமான மேற்கு வங்கம் கொடுத்த எண்ணிக்கையோ பூஜ்யம்! கடனில்லை, விலை வீழ்ச்சியில்லை, சாவுமில்லை. ஹூக்ளியிலும் பர்தமானிலும் உருளைக்கிழங்கு விலை விழும்போதெல்லாம் அந்த விவசாயிகள் படும் பாட்டை அறிந்தவர் எவரும் இந்தப் பூஜ்யத்தை நம்ப மாட்டார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் ஒருவர் ‘விவசாயி’ ஆவதற்குப் பெரும்பாலும் நிலம் அவர் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுதவர், பெண் விவசாயி, தலித், ஆதிவாசி ஆகியோர் செத்த பிறகும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை என்பதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் ஆண்டுக்கணக்கில் எழுதி வருகிறார். ‘குடும்பப் பிரச்சனை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

மேடை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். எம்டிவியை நடத்திய வயாகாம்18 நிறுவனத்தில் 2018 முதல் பெரும்பான்மைப் பங்கு ரிலையன்ஸ் குழுமத்தின் நெட்வொர்க்18 கையில் இருந்தது. விவசாயியின் சாவைப் பற்றிய பாட்டு, விளம்பர இடைவேளைகளோடு அம்பானியின் அலைவரிசையில் ஓடியது. மறு ஆண்டே பஞ்சாப் விவசாயிகள் ஜியோ சிம் கார்டுகளைப் புறக்கணித்தார்கள், ரிலையன்ஸ் பெட்ரோல் பங்குகளை முற்றுகையிட்டார்கள். கோபம் விற்பனைச் சரக்காக இருக்கும் வரை மூலதனத்துக்கு அதன்மீது வெறுப்பில்லை. கோபம் அமைப்பாகத் திரளும்போதுதான் போலீஸ் வருகிறது, தண்ணீர் பீரங்கி வருகிறது.

இதே வங்கத்தில் பாட்டு வேறு வழியிலும் பிறந்திருக்கிறது. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டக் காலத்தில், சலீல் சவுத்ரி விவசாய இயக்கத்துக்காகவே பாட்டுக் கட்டினார். (நம் வாசகர்களுக்கு ‘செம்மீன்’, ‘அழியாத கோலங்கள்’ படங்களின் இசையமைப்பாளராக அவரைத் தெரியும்.) இந்திய மக்கள் நாடக மன்றத்துத் தோழர்கள் அத்தகைய பாடல்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். நடுவர்களும் மதிப்பெண்களும் இல்லாத மேடை அது. ஈ.பி.ஆருக்கு அப்படியொரு மேடை இன்று கிடைக்கவில்லை என்றால், அந்தக் குறையில் பாதி இடதுசாரிப் பண்பாட்டு அமைப்புகளைச் சேரும். ராப் என்றாலே சீரழிவு என்று முகம் சுளித்த தோழர்களும் நம்மிடையே உண்டு.

தலைப்போடு மட்டும் ஒரு வழக்கு இருக்கிறது. ‘தனித்து நட’ என்பது துணிச்சலுக்கு நல்ல சொல். கடன்பட்ட விவசாயிக்கு அது கொடுமையான சொல், ஏனெனில் தனித்து விடப்பட்டதால்தான் அவர் செத்தார். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பை வரை சுமார் 180 கிலோமீட்டர் நடந்த விவசாயிகளும் ஆதிவாசிகளும் சேர்ந்தே நடந்தார்கள். தில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் சேர்ந்தே அமர்ந்திருந்தவர்கள்தான் 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற வைத்தார்கள்.

2022இல் ‘ஹஸல்’ இரண்டாம் பருவத்துக்கு ஈ.பி.ஆர். அணித் தலைவராகத் திரும்பினார். அந்த ஆண்டு நாட்டில் வேளாண் துறைத் தற்கொலைகள் 11,290. அவற்றில் விவசாயத் தொழிலாளர்கள் விவசாயிகளைவிட அதிகம். மேற்கு வங்கத்தின் கணக்கு மீண்டும் பூஜ்யம்.