தேன்பாகு என்னும் தேன்நீர்

தேன்மிட்டாயில் தேன் கிடையாது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப்பாகில் ஊறவிட்ட அப்பண்டத்தைப் பெட்டிக்கடைக் கண்ணாடிப் புட்டியிலிருந்து வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். அதன்பொருட்டு எவர்மீதும் வருத்தம் கொண்டதில்லை. பெயரில் தேன் இருந்தாலே போதும் என்னும் இம்மனநிலை மிட்டாயோடு நின்றிருந்தால் இங்கு எழுத ஒன்றுமில்லை. பானங்களில் கலப்பதற்கென்று தேன் பெயர் தாங்கிய பாகுக் குப்பிகள் இன்று முகப்பேர்க் கடைகள்வரை வந்துவிட்டன. குப்பியைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படிப்பவர்களுக்குப் பலவற்றில் முதலிடம் சர்க்கரைக்கே என்பது விளங்கும். வீட்டில் ஐந்து நிமிடத்தில் ஆகக்கூடிய ஒன்றை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பது நம் கேள்வி.

தேவை உண்மையானதுதான். குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றில் தேனை நேரே விட்டால் அது இறுகிக் குவளையின் அடியில் படிந்துவிடும். எவ்வளவு கலக்கினாலும் கரண்டியைப் பற்றிக்கொள்ளுமே தவிர நீரில் சேராது. முன்கூட்டியே இளக்கி வைத்துக்கொள்வதே வழி. இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு நீர். காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டிற்கு ஆறவிட்ட நீரைத் தேனில் ஊற்றிக் கலக்க வேண்டியதுதான். சம பங்கும் போடலாம்; பானம் சற்று நீர்த்துப்போகும். நன்னாரி வேரின் நடுநரம்பை நீக்கி இடித்து வெந்நீரில் ஊறவைத்து, வடித்த அந்நீரை வெறும் நீருக்குப் பதிலாகச் சேர்த்தால், சென்னைக் கோடைக்கு அதைவிட உகந்த பானம் வேறில்லை என்பது நம் துணிபு. (ஃபில்டர் காப்பியில் இதைக் கலக்க முனைவோரோடு நமக்குப் பேச்சில்லை.)

இதைப் ‘பாகு’ என்று அழைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. பாகு என்றால் அடுப்பேற வேண்டும். கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று பதம் பார்க்க வேண்டும். தேனோ அடுப்பேறக் கூடாத பொருள். தேனைச் சூடாக்கலாகாது என்று நம் மருத்துவ மரபு விலக்கி வைத்தது. நவீன வேதியியல் கூறும் காரணம் வேறு: சூடேற ஏற மணம் ஆவியாகிறது, நொதிகள் சிதைகின்றன, ஹெச்.எம்.எஃப். என்னும் சேர்மம் பெருகுகிறது. ஆகவே தேன்நீர் என்பதே பொருத்தமான பெயர்.

செய்முறை இவ்வளவே. சிக்கலெல்லாம் தேனில் இருக்கிறது. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வை நினைவிற்கொள்வோர் இருக்கக்கூடும். 13 வணிகப் பெயர்களில் விற்கும் 22 தேன் மாதிரிகளைச் சோதித்ததில் எல்லாச் சோதனைகளையும் கடந்தவை ஐந்தே. உள்நாட்டுச் சோதனைகளுக்குத் தப்பும்படியே தயாரான சர்க்கரைப்பாகுகள் தேனில் கலக்கின்றன என்றது அம்மையம். காந்த அணுக்கரு ஒத்ததிர்வுச் சோதனை ஜெர்மனியில் நடந்த பிறகே பலவற்றின் சாயம் வெளுத்தது. நிறுவனங்கள் மறுத்தன. வழக்கு எப்படியாயினும், பாகு கலந்த தேனை வாங்கி வந்து அதை மீண்டும் நீரில் கரைத்துத் தேன்பாகு செய்கிற விந்தை நம் சமையலறைகளில் நடந்துகொண்டிருக்கலாம் என்பதே நம் கவலை.

நீரில் விட்டால் அடியில் தங்கும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று வீட்டுக்கு வீடு சோதனைகள் உண்டு. கெட்டியான சர்க்கரைப்பாகும் நீரில் அடியில்தான் தங்கும். எறும்புக்கோ இனிப்பின் பூர்வீகம் பற்றிய அக்கறை இல்லை. தேன் உறைந்து மணல்மணலாகிவிட்டால் சர்க்கரை கலந்துவிட்டான் என்று கொட்டிவிடுவோரும் உண்டு. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவது அதன் இயல்பு. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேன் விரைவாகவே உறையும். அதில் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருவது; அதுவும் பூவிலிருந்து அன்று, தளிரிலையின் காம்பருகே சுரக்கும் துளியிலிருந்து. மலரையே காணாத இத்தேனை நம் கவிமரபு எப்படி ஏற்கும் என்று நாம் வியப்பதுண்டு. முகப்பேர்த் தெருக்களில் வாளியில் தேனடையை மிதக்கவிட்டு விற்க வருவோரையும் கண்டிருக்கிறோம். அடை மெய்யாகவே இருக்கலாம், அது மிதக்கும் திரவத்திற்கு அடை சாட்சியாகாது. தேனீ வளர்ப்போரிடமோ அவர்களது கூட்டுறவுச் சங்கத்திலோ, எந்தப் பருவத்தில் எடுத்தது என்று கேட்டு வாங்குவதே நாம் கண்ட வழி. கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இதைவிட முதன்மையான ஒன்று. முகப்பேரின் பெயர் ‘மகப்பேறு’ என்பதன் திரிபு என்று சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலையொட்டி ஒரு வழக்கு உண்டு. பிள்ளை வரம் வேண்டி வருவோரின் ஊர். பிறந்த சிசுவின் நாவில் இனிப்பைத் தொட்டுவைக்கும் சேனை வழக்கமும் நம்மிடையே இன்னும் மறையவில்லை. பல வீடுகளில் அவ்வினிப்பு தேன்தான். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் தூய தேனிலும் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை, சிசுவின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். வெந்நீரில் கரைப்பதால் அவ்வித்துகள் சாவதில்லை. தேன்நீர்க் குப்பி குளிர்பதனப் பெட்டியில் எளிதாகக் கைக்கெட்டும்படி இருப்பதால் இதைச் சொல்ல நேர்கிறது. மரபின்மீது நமக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. எனினும் சேனை வைக்கும் பாட்டிமார்களின் கையை இவ்விடத்தில் தடுத்தே ஆகவேண்டும்.

பெரியவர்களின் பானத்திற்கு வருவோம். ஜின், எலுமிச்சை, தேன்நீர் மூன்றும் சேர்ந்த ‘பீஸ் நீஸ்’ என்னும் கலவை அமெரிக்க மதுவிலக்குக் காலத்தோடு (1920–33) சேர்த்துப் பேசப்படுவது. கள்ளச்சாராயத்தின் நாற்றத்தைத் தேன் மறைத்தது என்பார்கள். நம்மவர்க்குத் தேனும் மதுவும் அத்தனை தொலைவில் இருந்ததில்லை. நறவு, மட்டு, தேறல் ஆகிய சொற்கள் தேனையும் கள்ளையும் ஒருங்கே குறிக்கின்றன. மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. சொல்லின் இந்த மயக்கத்திற்குப் பொருளில் காரணம் உண்டு. பூந்துளியின் நீரைத் தேனீக்கள் இறகு விசிறி வற்றடித்து ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவருகின்றன; அதனாலேயே தேன் கெடுவதில்லை. அவை அரும்பாடுபட்டு நீக்கிய நீரை நாம் திரும்ப ஊற்றுகிறோம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கரைத்தாலே எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு நீராகிவிடும். தேனில் உறங்கிக் கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொள்ள அது தாராளம்.

ஆகையால் உலர்ந்த தூய குப்பியில், குளிர்பதனப் பெட்டியில், இரண்டு வாரத்திற்குமேல் வைக்கலாகாது. 100 மி.லி. தேனும் 50 மி.லி. நீரும் ஐந்து குவளைக்குக் காணும். அதற்குமேல் ஒரே தடவையில் கரைத்து வைப்பானேன்? திறக்கும்போது உஸ்ஸென்று காற்று வெளியேறி மேலே நுரை கட்டியிருந்தால் தயங்காமல் கொட்டிவிடலாம். இறுக மூடி வெளியில் மறந்துவிட்ட கண்ணாடிக் குப்பியானால், திறக்குமுன் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வது நலம்.