மார்க்கர் அண்ணாவின் பெயர் என்ன?

சீசன் முடிந்ததும் கல்லூரி வாசல்களில் அந்த ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். கருவடிக்குப்பத்தில் ஈ.சி.ஆரைப் பிடித்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒன்றாவது கண்ணில் படும். உச்சியில் சேர்மன், பாஸ்போர்ட் போட்டோவைப் பத்து மடங்கு பெருக்கிய மாதிரி. அடுத்த வரிசையில் தாளாளர், முதல்வர், உடற்கல்வி இயக்குநர். அடியில் ஜெர்சி போட்ட பன்னிரண்டு பையன்கள், முன்னால் ஒருவன் மண்டியிட்டுப் பந்தைப் பிடித்திருப்பான். கூடைப்பந்துப் போட்டியில் கல்லூரி அணி சாதனை. எல்லாம் சரி, அந்தப் பந்துக்குக் காற்றடித்த ஆள் எங்கே?

அவருக்குக் கல்லூரிகளில் மார்க்கர் என்று பெயர். பெயர் இல்லை, பதவி. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பெருக்குபவர், காவலாளி, தண்ணீர் ஊற்றுபவர் வரிசையில் அதையும் பார்க்கலாம். காகிதத்தில் அவர் வேலை மைதானத்தில் கோடு போடுவது. நான் என் பொறியியல் கல்லூரி அணியின் பன்னிரண்டாவது ஆள். ஒரு முழு சீசனில் பதினோரு நிமிடம் ஆடியிருப்பேன். மீதி நேரமெல்லாம் பெஞ்சில்தான், அதனால் ஆட்டத்தைவிட ஆட்டத்தைச் சுற்றி நடப்பதைத்தான் அதிகம் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு கோர்ட் லைட்டைப் போடுவது அவர். உப்புக்காற்றில் துருப்பிடித்த ரிங்கைச் சுரண்டி பெயின்ட் அடிப்பதும் கிழிந்த வலையை மாற்றுவதும் அவர். இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை கொட்டும். சரியாக அதுதான் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு அணி தயாராகும் காலம். சிமெண்ட் கோர்ட்டில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளி, கோணிப்பையால் ஒற்றி, ஒரு மணி நேரமாவது ஆடவிட்டுவிடணும் என்று அவர் படும் பாடு இருக்கிறதே, அதைத் துறைத்தலைவர் யாரும் பார்த்ததில்லை. மழை விட்டபோது நாங்கள் ப்ராக்டிஸ் பண்ணினோம் என்று மட்டும் ஆண்டறிக்கையில் இருக்கும். அதுவும் இருக்காது.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடியில் இருந்த ஜேம்ஸ் நைஸ்மித், கட்டடப் பராமரிப்பாளர் ஸ்டெப்பின்ஸிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இருக்கிறது என்று ஸ்டெப்பின்ஸ் எடுத்துக்கொடுத்தார். பெட்டி கிடைத்திருந்தால் இன்று நாம் பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருப்போம்! கூடையின் அடிப்பாகத்தை யாரும் அப்போது அறுக்கவில்லை. கூடை விழும் ஒவ்வொரு முறையும் யாராவது பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பி.டி. சார்கள் எத்தனையோ பேரின் குருபரம்பரையைத் தேடிப்போனால் அங்கேதான் முடியும். விதிப்புத்தகம் வந்தது, விசில் வந்தது, உடற்கல்வி இயக்குநர் என்ற பதவி வந்தது. ஸ்டெப்பின்ஸுக்கு வரலாற்றில் ஒரு வரியாவது கிடைத்தது. நம் மார்க்கருக்கு?

அவருக்கு நாம் கொடுத்திருப்பது 'அண்ணா'.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மார்க்கர் அண்ணா, வாட்ச்மேன் அண்ணா, மெஸ் அக்கா, வேன் அண்ணா. தமிழர்களின் அன்பு என்று இதைக் கொண்டாடலாம்தான். ஆனால் உடற்கல்வி இயக்குநரை யாரும் அண்ணா என்று கூப்பிடுவதில்லை. அவர் 'சார்', அவர் அறை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. யாருக்கு ஊதியமும் பதவியும் முறையாக இருக்கிறதோ அவருக்கு உறவுப்பெயர் தேவைப்படுவதில்லை. யாருக்கு அதெல்லாம் கொடுக்கவில்லையோ அவரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறோம். குடும்பத்தில் ஓவர்டைம் கேட்க முடியுமா? ராத்திரி பதினோரு மணிக்கு அணி பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டைத் திறக்கக் காத்திருந்தால் அது பாசம், வேலை இல்லை. நாலு வருடம் அண்ணா அண்ணா என்று அவர் பின்னால் திரிந்தவர்களிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பேட்ச் வாட்ஸப் குழுவில் கேட்டேன். முப்பத்தெட்டு பேரில் இரண்டு பேர் சொன்னார்கள், இரண்டும் வேறு வேறு பெயர்.

அவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்கிறார் என்பார்கள். என்ன சம்பளம்? 'வவுச்சர் ஊழியர்' என்ற சொல்லைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் உட்கார்ந்திருக்கும் பந்தலைத் தாண்டித்தான் நாம் ஆபீஸ் போகிறோம். அரசிலேயே அந்த நிலை என்றால் தனியார் கல்லூரியின் ஒப்பந்தக் கூலியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் பையன்களுக்காக ஆசையா செய்யறார் என்பது இரண்டாவது பதில். உண்மைதான், ஆசையாகத்தான் செய்கிறார். உடற்கல்வி இயக்குநருக்கும்தான் விளையாட்டின் மேல் ஆசை. அதற்காக அவர் சம்பளத்தில் யாரும் கை வைப்பதில்லையே.

இந்த அலட்சியத்துக்கான விலையை ஆடுபவர்களும் கொடுக்கிறார்கள். எங்கள் பாயிண்ட் கார்டு ஒரு லே-அப் போட்டு இறங்கும்போது முழங்காலைத் திருப்பிக்கொண்டு விழுந்தான். அணிக்கு பிசியோ கிடையாது. மார்க்கர் அண்ணாவின் டப்பாவில் ஒரு வலி நிவாரணி ஸ்ப்ரே, ஒரு கிரேப் பேண்டேஜ். எதிரே ஜூஸ் கடைக்கு ஓடி பாலிதீன் பையில் ஐஸ் வாங்கிவந்தார். "ஒண்ணுமில்லடா, சுளுக்கு." அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது லிகமென்ட் அறுந்திருந்தது. அந்த வருடம் புது ஸ்கோர்போர்டு வாங்கினார்கள், ரிமோட்டோடு. ஒரு வார முதலுதவிப் பயிற்சிக்கு மார்க்கரை அனுப்ப அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

பெண்கள் அணியின் கதை இன்னும் மோசம். வெளியூர் போக வேண்டுமென்றால் கூடவே ஒரு 'லேடி ஸ்டாஃப்' போக வேண்டும். நியாயமான விதி. யார் போவது? ஆங்கிலத் துறையில் புதிதாகச் சேர்ந்த, மறுத்துப் பேச முடியாத யாராவது ஒரு மேடம். வகுப்பு வேலை குறையாது, பேட்டா எப்போது வரும் என்று தெரியாது. ரயிலில் நாப்கின் கேட்பது அவரிடம், விடுதியில் ராத்திரி யாருக்காவது காய்ச்சல் என்றால் எழுப்புவது அவரை, பன்னிரண்டு வீட்டு அம்மாக்களின் போனை எடுப்பது அவர். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது அப்படிப் போக யாரும் கிடைக்கவில்லை. பெண்கள் அணி போகவில்லை. ஜூலையிலிருந்து விடிகாலை எழுந்து ஓடிய பன்னிரண்டு பேரின் சீசன் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் முடிந்தது. துணைப் பணியாளர் என்கிறோம். அந்தத் துணை இல்லாததால் தோற்கக்கூட அவர்களுக்கு வாய்ப்பு வரவில்லை. அதில் நாலு பேர் இறுதியாண்டு.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைக் காட்டி வாயைப் பிளப்பவர்களுக்கு ஒரு தகவல். பல மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியரே கல்லூரி அணியின் பயிற்சியாளர்தான். ஆனால் ஆடுகிற மாணவர்களுக்குக் காசு கொடுக்கலாமா என்று பல வருடம் இழுத்தடித்தார்கள். அமெச்சூர் என்பதன் புனிதம் கெட்டுவிடுமாம். 2021இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதற்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். 2025இலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். அங்கே 'அமெச்சூர்' செய்த வேலையைத்தான் இங்கே 'அண்ணா' செய்கிறது.

ஐ.டி.யில் நாங்களும் யோக்கியமில்லை. ரிலீஸ் முடிந்ததும் கேக் வெட்டும் போட்டோவில் ராத்திரி ஷிஃப்ட் ஆள் இருக்கமாட்டார். ஆனால் ஒரு வரி கோடை மாற்றினாலும் மாற்றியவர் பெயர் லாகில் இருக்கும். அழிக்க நினைத்தாலும் சுலபமில்லை.

சர்வதேசக் கூடைப்பந்து விதியில் பெஞ்சில் தலைமைப் பயிற்சியாளரும் வீரர்களும் போக, உடன் வருபவர்களுக்கும் இடம் உண்டு. மேனேஜர், மருத்துவர், பிசியோ என்று எட்டுப் பேர் வரை உட்காரலாம். எங்கள் பெஞ்சில் அந்த நாற்காலிகளில் பைகளை வைத்திருந்தோம். கல்லூரி அணிப் பட்டியல் அனுப்பும்போது அதில் ஒரு வரி சேர்க்க முதல்வரின் கையெழுத்து போதும். மார்க்கருக்கும் டிக்கெட், பேட்டா, பயண நாளுக்குச் சம்பளம். பெண்கள் அணியோடு போகும் ஆசிரியைக்கு வகுப்பிலிருந்து விடுப்பு, பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு. ஜூன் கடைசியில் செலக்‌ஷன் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதற்கு முன்பே பட்ஜெட் போட்டுவிடுவார்கள். கேட்பதென்றால் இப்போதே கேட்க வேண்டும், அவர் பெயரைத் தெரிந்துகொண்டு.