கவனக்குறைவு என்று இனி எழுதாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வழக்கமாகப் பிறந்தநாள் வாழ்த்தும் பழைய பள்ளிக்கூடப் படமும் போடுகிறவள் நான். இன்றைக்குக் கோபத்தோடு எழுதுகிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி வந்தது. நம்மிடம் படித்த ஒருத்தியின் மகள். பத்தொன்பது வயது. நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை. ரோலரில் சுற்றிய பஞ்சை எடுக்கும்போது வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு போய்விட்டது. நடுவிரல் நுனியும் நசுங்கிவிட்டது. நாற்பது பேர் கைகூப்பும் படமும் அழும் முகமும் போட்டீர்கள். சரி. அதற்குக் கீழே, வேறொரு மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி எழுதினான்: "பாவம்தான் டீச்சர். ஆனா கவனக்குறைவு. மெஷின்கிட்ட நிக்கும்போது நெனப்பு வேற எங்கயோ இருந்தா இப்படித்தான் ஆகும்." அதற்கும் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

தம்பி, உன்மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் கிடையாது. நீ நல்ல பையன். உன் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு முழுவதும்.

"டீச்சருக்கு மில்லைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் நினைக்கலாம். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் ரிங் பிரேம் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசியதே ரோலரையும் ஸ்பிண்டிலையும் பற்றித்தான். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் சொன்னது எதுவும் மறக்கவில்லை.

மில் வாசலை மிதிக்காத உறவினர்களுக்காக முதலில் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். ரிங் பிரேமில் தடித்த பஞ்சுத் திரி மேலிருந்து இறங்கி மூன்று ஜோடி உருளைகளுக்கு நடுவே போகும். ஒவ்வொரு ஜோடியும் முந்தினதைவிட வேகமாகச் சுற்றும். அதனால் திரி இழுபட்டு மெலியும். பிறகு ஸ்பிண்டில் அதை முறுக்கி நூலாக்கும். மேல் உருளை ரப்பர் போட்டது. கீழ் உருளை வரி வரியாகப் பள்ளம் வெட்டிய இரும்பு. முன் ஜோடியின் மேல் சுமார் பதினைந்து கிலோ அழுத்தம் இருக்கும். நூல் அறுந்தால், வந்துகொண்டிருக்கும் பஞ்சு கீழே போகாமல் உருளையிலேயே சுற்றிக்கொள்ளும். இதை மில்லில் லேப்பிங் என்பார்கள். உடனே எடுக்காவிட்டால் அது கல் மாதிரி இறுகி, ரப்பரைக் கெடுத்து, பக்கத்து இழைகளையும் அறுத்துவிடும். எடுத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. எப்படி எடுப்பது என்பதில்தான் சண்டை.

மேல் உருளையில் சுற்றினால், அழுத்தும் ஆர்மைத் தூக்கிவிட்டு, உருளையைக் கையில் எடுத்து, சாவகாசமாகச் சுத்தம் செய்யலாம். கீழ் உருளை அப்படி இல்லை. அது மெஷினின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே தண்டாக ஓடுகிறது. ஆயிரம் ஸ்பிண்டிலுக்கு மேல் ஓடும் முழு மெஷினையும் நிறுத்தினால்தான் அது நிற்கும். அப்படி நிறுத்தாமல், ஓடும் உருளையில் கொக்கியைப் போட்டு இழுக்கச் சொல்கிறார்கள். ஆர்மைத் தூக்கினால் பக்கத்து இழையும் அறும் என்று, பல நேரம் அதைக்கூடத் தூக்குவதில்லை. கொக்கியில் சுற்றிய பஞ்சு விரலில் மாட்டினால் விரல் உருளைக்குள் போகிறது. இதை வேகமாகச் செய்யும் பிள்ளைக்குக் "கைகாரி" என்று பட்டம். நிறுத்தி எடுக்கும் பிள்ளைக்கு "மந்தம்" என்று பெயர்.

இப்போது கணக்கு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் இது வரும். முன் உருளையின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 200 சுற்று என்று வையுங்கள். மில்லில் இருப்பவர்கள் இது சாதாரண வேகம்தான் என்பார்கள். சுற்றளவு ஏறத்தாழ 78 மில்லிமீட்டர். 200ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 15 மீட்டரும் கொஞ்சமும். நொடிக்குச் சுமார் 26 சென்டிமீட்டர். விரலின் நுனிக் கணு இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அது உள்ளே போக எவ்வளவு நேரம்? நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆபத்தைக் கண்ணால் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கை அசைய நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே நொடியில் பத்தில் இரண்டு பங்கு ஆகும்.

தம்பி, இந்தக் கணக்கில் கவனத்துக்கு எங்கே இடம் இருக்கிறது? அந்தப் பிள்ளை தவம் செய்கிற முனிவர் மாதிரி விழிப்பாக நின்றிருந்தாலும் விரல் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். இது ரிங் பிரேம் கணக்கு. டிராயிங் மெஷினில் நிமிடத்துக்கு 500 மீட்டர் ஓடுகிறது என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு வரும். அதனால்தான் மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்பது போல அதைச் செய்து அனுப்புகிறார்கள். அந்த சுவிட்சைக் கட்டிவைத்து ஓட்டும் மகா புத்திசாலிகளும் நம் ஊரில் உண்டு. கார்டிங்கில் சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய சிலிண்டர் சில நிமிடங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சத்தம் அடங்கியதும் நின்றுவிட்டது என்று நம்பிக் கையை விட்டவர்களை என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அடுத்த கேள்வி. ஏன் நிறுத்துவதில்லை? "புரொடக்‌ஷன் போயிடும்." சரி, அதையும் கணக்குப் போடுவோம். 1,200 ஸ்பிண்டில் உள்ள மெஷின், 40ஆம் நம்பர் நூல். நாற்பது சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு, சிட்டத்துக்கு 840 கஜம். அந்த மெஷினை ஒரு நிமிடம் நிறுத்தினால் ஓடாமல் போகும் நூலின் எடை ஏறத்தாழ 280 கிராம். ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஒரு கிலோ நானூறு கிராம். கிலோ முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் 420 ரூபாய். அதுகூட முழு நஷ்டம் இல்லை. பஞ்சும் மின்சாரமும் மிச்சம்தானே?

"நிறுத்தி ஓட்டினா நிறைய இழை அறும் டீச்சர், அதைக் கட்ட ஆள் வேணும்" என்பீர்கள். உண்மைதான். என் வீட்டுக்காரரும் இதைச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆள் போடுங்கள். ஒரு ஷிப்டில் இத்தனை முறை நிறுத்தலாம் என்று நேரம் ஒதுக்குங்கள். சுவரில் "மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்யவும்" என்று பெரிய எழுத்தில் பலகை. அதற்குப் பக்கத்திலேயே, நிறுத்தினால் எட்ட முடியாத டார்கெட் எழுதிய பலகை. இரண்டில் எதைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? வாயால் நிறுத்து என்பதும், கணக்கால் நிறுத்தாதே என்பதும் யாருடைய கவனக்குறைவு?

அதற்கும் முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. பஞ்சு ஏன் உருளையில் சுற்றுகிறது? அவள் கூப்பிட்டா வந்து சுற்றுகிறது? ஹாலில் ஈரப்பதம் குறைந்தால் பஞ்சில் மின்னூட்டம் ஏறி உருளையில் ஒட்டும். ஈரம் அதிகமானால் பிசுபிசுத்து ஒட்டும். அறுந்த இழையின் பஞ்சை உறிஞ்சும் குழாயில் இழுவை குறைந்தால் அந்தப் பஞ்சு உருளைக்குப் போகும். அந்தப் பெட்டியின் வலையை நேரத்துக்குச் சுத்தம் செய்யாவிட்டால் இழுவை குறையும். ரப்பர் உறையில் வரி விழுந்தும் சாணை பிடிக்காமல் விட்டால் சுற்றும். வெள்ளை ஈயும் அசுவினியும் சுரக்கும் இனிப்புப் பிசின் படிந்த பஞ்சை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் போட்டால் நாள் முழுக்கச் சுற்றும். இதில் எது அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது? பஞ்சு வாங்கியது அவளா? ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டியது அவளா? ரப்பர் உறையை மாற்றப் பணம் ஒதுக்க வேண்டியது அவளா? இத்தனை பேர் விட்ட கவனத்தையும் கடைசியில் அவள் விரலால் துடைக்கச் சொல்கிறோம்.

இது புதிய ஞானமும் இல்லை. இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகிய காலத்தில், ஓடும் மெஷினுக்கு அடியில் சின்னப் பிள்ளைகள் தவழ்ந்து பஞ்சு பொறுக்கினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்களையும் தண்டுகளையும் சிறுவர்களைத் துடைக்க விடக்கூடாது என்று 1844லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சுத்தம் செய்யும்போது ஓடும் பாகத்தால் காயம் படக்கூடுமானால், பெண்களையும் இளம் வயதினரையும் அந்த வேலையில் விடக்கூடாது என்று சொன்னது. இப்போது பழைய சட்டங்களைத் தொகுத்துப் புதிய சட்டம் வந்திருக்கிறது. பிரிவின் எண் மாறட்டும், பிள்ளைகளுக்கு விரல் பத்துதான்.

கோபத்தில் நான் மட்டும் சுத்தம் என்று நினைத்து எழுதவில்லை. பரீட்சை முடிவு வந்த மறுவாரமே ஊருக்குள் வேன் வரும். மூன்று வருஷ வேலை, தங்கும் இடம், சாப்பாடு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சுமங்கலித் திட்டத்துக்கு ஆள் சேர்ப்பார்கள். "டீச்சர், அனுப்பலாமா?" என்று பெற்றோர் என்னிடம்தான் கேட்பார்கள். வீட்டில் சும்மா இருப்பதற்குப் போகட்டுமே என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மெஷினை நிறுத்தித் துடைக்க விடுவார்களா என்று ஒரு தடவையாவது வேன்காரரிடம் கேட்டிருப்பேனா? என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தும் கேட்கவில்லை. கைபிடித்து "அ" எழுதக் கற்றுக் கொடுத்தவளே கேட்காதபோது வேறு யார் கேட்பார்கள்? அந்தக் குறை எனக்கு இருக்கிறது. அதனால்தான் இப்போதாவது சொல்கிறேன்.

மில்லில் சூப்பர்வைசராக, மேஸ்திரியாக, ஃபிட்டராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு மேலேயும் ஒருவர் நின்று விரட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். முதலாளியோடு சண்டை போடு என்று சொல்லவில்லை. உன் கண்ணெதிரே ஒரு பிள்ளை ஓடும் உருளையில் கொக்கி போட்டால், நீயே போய் மெஷினை நிறுத்து. எந்த மெஷினில் எத்தனை முறை சுற்றுகிறது என்று ஒரு நோட்டில் எழுது. அதிகம் சுற்றும் மெஷினின் ரப்பரையும் உறிஞ்சு குழாயையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடு. நோட்டில் இருக்கும் எண்ணுக்கு முன்னால் மேனேஜரும் கொஞ்சம் யோசிப்பார்.

வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளே, "நிறுத்தட்டுமா?" என்று கேட்டால் யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். "நிறுத்தியிருக்கேன்" என்று சொல்லிப் பழகுங்கள். திட்டு வாங்கினால் நாலு நாளில் மறந்துவிடும். தாவணி, சுடிதார் ஷால், தொங்கும் பின்னல், மோதிரம் எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம்.

பெற்றோருக்கு: காயம் பட்டால், மில்லில் விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கே தகவல் போக வேண்டும். "நம்ம டாக்டர்கிட்ட முடிச்சுக்கலாம், செலவை நாங்க பாத்துக்கறோம்" என்ற இனிப்புப் பேச்சில் மயங்காதீர்கள். விரலில் ஒரு கணு போனாலும் நிரந்தர ஊனத்துக்கு உரிமை உண்டு. ஆள்காட்டி விரலில் ஒரு கணுவுக்கு 9 சதவீதம், முழு விரலுக்கு 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. வெறும் கவனக்குறைவு என்று சொல்லி அதை மறுக்க முடியாது. ஆகவே, "என் தவறால் நடந்தது" என்று எழுதிய எந்தத் தாளிலும் பிள்ளையைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். எனக்கு இப்போது வேறு என்ன வேலை?

நேற்று அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டு, "நாந்தான் டீச்சர் பாக்காம விட்டுட்டேன்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். அவள் அம்மாவும் தலையாட்டினாள். நாம் எல்லோரும் சேர்ந்து அந்தச் சொல்லை அவள் வாயிலேயே போட்டுவிட்டோம்.

தம்பி, குழுவில் நீ எழுதியதை அழிக்க வேண்டாம். அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுது. கட்டைவிரல் காட்டிய பன்னிரண்டு பேரும் அதைப் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்