இன்காக்களின் கருவிகளும் இரும்பு அளவுகோலும்

ஒரு சமுதாயத்தின் நாகரிக மட்டத்தை அதன் கருவிகள் எவ்வுலோகத்தால் ஆயவை என்பதைக் கொண்டே நிறுக்கும் வழக்கம் கற்றோரிடையே இன்றும் மறையவில்லை. டென்மார்க்கு அறிஞரான தொம்சன் அருங்காட்சியகப் பொருள்களை ஒழுங்குபடுத்த வகுத்து, 1836இல் வெளியிட்ட கல், வெண்கலம், இரும்பு என்னும் முக்காலப் பகுப்பே இதற்கு மூலமாகும். வட ஐரோப்பியப் பொருள்களை அடுக்குவதற்கு அது பயனுடையதே. அதனை மனிதகுலம் முழுவதும் ஏறவேண்டிய ஏணியாக்கியதே தவறு.

இன்காக்கள் இரும்பை உருக்கி அறியாதவர்கள். எனினும், குஸ்கோவிலும் சக்சய்வமானிலும் அவர்கள் எழுப்பிய மதில்கள் சாந்தின்றியே கல்லோடு கல் பொருந்தி நிற்கின்றன. இதனைக் கண்டு சிலர் மறைந்துபோன இனத்தையும், சிலர் விண்ணிலிருந்து வந்தோரையும் துணைக்கழைக்கின்றனர். வேறு சிலர் வெண்கலத்தை எஃகாக்கும் இரகசியம் ஒன்று இருந்ததென்பர். இன்காக்களை இழித்துரைப்போரும் இவ்வாறு வியந்துரைப்போரும் வேறானவர் போலத் தோன்றினும், ‘இரும்பின்றி உயர்ந்த வினை இல்லை’ என்பதே இரு சாராரின் அடிப்படையுமாகும்.

சான்றுகள் கூறுவது வேறு. 1980களில் கட்டடக்கலை ஆய்வாளர் புரொட்சன் இன்காக்களின் கற்குழிகளில் கிடந்த உருண்டைக் கற்களை ஆராய்ந்து, அத்தகைய கல்லையே சுத்தியலாகக் கொண்டு தாமே வேலைசெய்து பார்த்தார். ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையுள்ள கல்லால், எரிமலைப்பாறைத் துண்டொன்றின் ஒரு முகத்தை 20 நிமிடங்களில் சமன்செய்தார்; மூன்று முகங்களும் ஐந்து விளிம்புகளும் 90 நிமிடங்களில் முடிந்தன. விளிம்புகளுக்குச் சிறிய கல்லைப் பயன்படுத்தியமையால் அங்கே தழும்புகள் நுண்ணியனவாக அமைந்தன. இன்கா மதில்களிலும் அத்தழும்புகளே காணப்படுகின்றன. இங்கு இரகசியம் யாதுமில்லை.

அவ்வாறாயின் உலோகத்தின் பணி யாது? செம்புடன் வெள்ளீயம் கலந்த வெண்கலத்தைக் காய்ச்சியும் குளிர்நிலையில் அடித்தும் கடினமாக்கி, உளி, கோடரி, அலவாங்கு, கத்தி, சாவணம், ஊசி முதலியவற்றை அவர்கள் ஆக்கினர். மச்சுபிச்சுவில் 1912இல் நடந்த அகழ்வில் இத்தகையன பல கிடைத்தன. மரவேலைக்கும் நெம்புதலுக்கும் அறுத்தலுக்கும் வெண்கலம். பாறையைக் கொத்தக் கல். நிலத்தைக் கிளறும் கால்கலப்பைக்குப் பெரும்பாலும் மரம். இஃது அறியாமையன்று, வினைக்கேற்ற பொருளைத் தேர்ந்த அறிவாகும்.

கருவியினும் மேலானது உழைப்பின் ஒழுங்கமைப்பு. சக்சய்வமான் பணிக்கு 20,000 பேர் அழைக்கப்பட்டனரென்றும், அவருள் 4,000 பேர் கல் பெயர்க்க, 6,000 பேர் வடங்களால் இழுத்தனரென்றும் 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியரான சியேசா டி லியோன் எழுதினார். முறைவைத்து அழைக்கப்பட்ட அம்மக்களின் உழைப்பு கட்டாய உழைப்பே என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும், அவர்களின் வினையை விண்ணவருக்கு உரிமையாக்குவது அவர்களை இரண்டாம் முறையும் சுரண்டுவதாகும்.

அதகுவல்பாவை மீட்க மக்கள் குவித்த பொன்னையும் வெள்ளியையும் 1533இல் ஸ்பானியர் உருக்கிப் பங்கிட்டனர். பொன்னை மட்டுமே கண்ட அக்கண்களுக்கு உழைப்பாளியின் கைக்கல் ஒரு பொருட்டன்று. ஆராய்ச்சியாளரும் மாணவரும் அதே கண்களால் வரலாற்றை நோக்குதல் தகுமா? இனியேனும் ‘எவ்வுலோகம்?’ என்று தொடங்காது, ‘எவருடைய கை, எவருக்காக?’ என்று வினவத் தொடங்குவோமாக.